சின்னக் கடைகளுக்கு இல்லை

மார்ச் 5

லொறி வரவில்லை. போன திங்களும் வரவில்லை, பனிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டோம். இன்று ரொறன்ரோவின் இந்த ஸ்காபரோப் பக்கம் முழுக்க வெயில்.

புதுக் கொப்பி என்பதால் எல்லாவற்றையும் விவரமாக எழுதிவைக்கிறேன். வீட்டிலேயே பியரும் வைனும் செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை எங்களுடையது. மோல்ற் என்கிற முளைக்கவைத்து உலர்த்திய பார்லி, கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூ, நொதிக்கவைக்கிற ஈஸ்ற், கண்ணாடிக் குடுவைகள், மூடிகள், குழாய்கள். முன்பு ஒரு இத்தாலியரின் கடை. என் புருசன், இவர், அங்கே நான்கு வருடம் வேலை செய்தார். முதலாளிக்கு வயதாகிவிட்டது, கடையை நாங்களே வாங்கி இப்போது இரண்டு வருடம் ஆகிறது. முதலாளி யாரிடம் சாமான் எடுத்தாரோ அதே மொத்த வியாபாரியிடம்தான் நாங்களும் எடுத்து வந்தோம்.

மத்தியானம் இவர் அங்கே போன் எடுத்தார். "யெஸ், யெஸ், ஓகே, தாங்க்யூ" என்றே கதைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். கையைக் காட்டி மறித்தார். நான் போனை வாங்கி அந்தப் பெண்ணிடம் நேரே கேட்டேன். அவர்களை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டதாம். இனிச் சின்னக் கடைகளுக்கு இல்லையாம். இதற்கா இவர் தாங்க்யூ சொல்லிக்கொண்டு நின்றார்? நான் பத்து நிமிடம் சண்டை பிடித்தேன். அவள் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள். பலன் இல்லை.

"இனி நீரே கதையும்" என்று சொல்லிவிட்டு இவர் பின்னுக்குப் போய் மோல்ற் அரைக்கத் தொடங்கினார். யாரும் அரைக்கச் சொல்லவில்லை. அரைத்தால் கெதியில் பழுதாகிவிடும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிறவரே இவர்தான்.

மார்ச் 9

வேறு மூன்று மொத்த வியாபாரிகளிடம் போனில் கதைத்தேன்.

மிசிசாகாக்காரர் ஒரு தடவைக்குக் குறைந்தது நான்கு பலெற் எடுக்கச் சொன்னார். ஒரு பலெற் என்றால் மரத்தட்டில் அடுக்கிய நாற்பது மூட்டை. நான்கையும் கடைக்குள் இறக்கினால் நாங்கள் வெளியேதான் நிற்கவேண்டும். இரண்டாமவர் மார்க்கம் நகரில் ஒரு கடைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம், இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டாராம். மூன்றாமவர், லொறி இறக்குகிற மேடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். மேடை இல்லை, பக்கத்து றொட்டிக் கடையின் குப்பைத்தொட்டிதான் இருக்கிறது என்றேன். வைத்துவிட்டார்.

"அதை ஏன் சொன்னனீர்?" என்று இவர் கேட்டார்.

"உள்ளதைத்தானே சொன்னன்."

"உள்ளதெல்லாத்தையும் சொல்லவேணுமெண்டில்லை."

இவருக்கு வியாபாரம் தெரியும், பேசத் தெரியாது. பார்லியைக் கடித்துப் பார்த்தே எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் கோர்வையாக வராது. நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

மார்ச் 11

கோயிலில் அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி மற்றவளிடம் என்னைக் காட்டி, "உவதான், அந்தக் கசிப்புக் கடை" என்றாள். கள்ளச் சாராயம் விற்கிறோமாம். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது. திரும்பி, "ஓம், வேணுமெண்டா வாங்கோ, உங்கட அவருக்குக் கழிவு விலையிலை தாறன்" என்றேன். அவளுடைய புருசன் குடிக்கிறது ஊருக்கே தெரியும்.

கோயிலிலும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேனாம். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் இவர் அதைச் சொன்னார்.

மார்ச் 18

மோல்ற் பதினொரு மூட்டைதான் மிச்சம். ஹொப்ஸ் ஒரு தட்டு. வைன் பெட்டிகள் இருக்கின்றன.

இரவுச் சாப்பாட்டின்போது இவர் மேற்குக்குப் போகப்போவதாகச் சொன்னார். பார்லி விளைகிறது சஸ்கச்சுவானில், ஹொப்ஸ் விளைகிறது பிரிட்டிஷ் கொலம்பியாவில். இடையில் நிற்கிற மொத்த வியாபாரி எதற்கு, செய்கிறவனிடம் நேரே வாங்கலாம் என்கிறார். கல்கரியில் இவருடைய சித்தப்பா மகன் சுதன் இருக்கிறார், அங்கே தங்கிக்கொள்ளலாமாம்.

"போனிலை கதைக்கலாம்தானே" என்றேன்.

"போனிலை ஆர் மதிக்கிறான்? முகத்தைக் காட்டவேணும். நான் ஒருக்காத் தேடிப் பாத்திட்டு வாறன்."

"முகத்தைக் காட்டி என்ன கதைக்கப் போறியள்?"

இப்படிக் கேட்டது பகிடிக்குத்தான். மகள் ஆரபி கூடச் சிரித்தாள். இவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கழுவிவைத்தார்.

மார்ச் 24

இவர் காலையில் வெளிக்கிட்டார். காரைத்தான் கொண்டுபோனார், சாமான் ஏற்றுகிற கடை வானை எனக்கு விட்டுவிட்டார். கடைச் சாவிக் கொத்தையும் ஆணியிலேயே கொழுவியிருக்கிறார், வழியில் தொலைத்துவிடுவாராம். எவ்வளவு யோசனை! குளிர் உடுப்போடு வெயில்கால உடுப்பும் ஒரு சூட்கேஸ் நிறைய. கோட் சூட்டும் எடுத்தார். ஆட்களைச் சந்திக்கிறதென்றால் உடுப்பு முக்கியம்தான். மாமாவின், அதாவது இவருடைய அப்பாவின், படத்தைச் சுவரிலிருந்து கழற்றியதை வெளிக்கிட்ட பிறகுதான் கண்டேன். சுதன் வீட்டில் அந்தப் படத்தின் பிரதி இல்லை, அதற்காகத்தான் இருக்கவேண்டும்.

ஆரபி வாசலில் நின்று அழுதாள். பத்தொன்பது வயது, பல்கலைக்கழகம் போகிற பிள்ளை, இரண்டு கிழமைப் பயணத்துக்கு அழுகிறாள்.

மார்ச் 28

வினிப்பெக்கிலிருந்து கதைத்தார். பனியாம். சாப்பிட்டாராம்.

ஏப்ரல் 6

சஸ்கச்சுவானில் மோல்ற் செய்கிற ஒருவரைச் சந்தித்துவிட்டாராம். பெயர் ஒரெஸ்ற், உக்ரேனிய வம்சம், சின்ன ஆலை. "நல்ல மனுசன். விலை அனுப்புறனெண்டவர்" என்றார். எனக்குச் சரியான சந்தோசம். விலை எப்போது வரும், எத்தனை மூட்டைக்கு, லொறிக் கூலி யாருடையது என்று கேட்டேன். "கேக்கேல்லை" என்றார். இவ்வளவு தூரம் போயும் அதைக் கேட்காமல் எப்படி வரமுடியும்? சொல்லிவிட்டேன். லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

ஏப்ரல் 13

விலை வரவில்லை.

கடையில் எலி. கடைசி மூட்டை ஒன்றின் மூலையைக் கடித்திருக்கிறது. கொட்டி, புடைத்து, நல்லதை வேறாக்கி, மூட்டையை எறிந்தேன். பனிமழை வேறு. பனி உருகட்டும் என்று வாசலில் உப்புப் போட்டே இடுப்பு முறிந்துவிட்டது. வந்தவர்கள் நாலு பேர், வாங்கியவர் ஒருவர். அவரும் போத்தல் மூடிதான்.

ஏப்ரல் 17

ஒரு வெற்றி. ஈஸ்ற் கிடைத்துவிட்டது!

மொன்றியலில் ஒரு மொத்த வியாபாரி. ஆங்கிலத்தில் கதைத்தால் வேண்டுமென்றே விளங்காத மாதிரி இருக்கிறார்கள். ஆரபியைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் கதைக்கச் சொன்னேன். நான் தமிழில் சொல்ல அவள் பிரெஞ்சில் சொன்னாள். அந்த மனுசன் சிரித்துவிட்டான். சின்னப் பெட்டியாகவே அனுப்புவானாம், தபாலில் வருமாம். போனை வைத்ததும் இரண்டு பேரும் கையடித்துக்கொண்டோம். அவளை இழுத்துக் கொஞ்சினேன். பாவம், அவள் முகம் என்னவோ வாடித்தான் இருந்தது. பல்கலைக்கழகச் சோதனைக் காலம்.

இவருக்குச் சொன்னேன். "நல்லது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கல்கரியில் இப்போது வெயிலாம்.

ஏப்ரல் 27

பொறுக்கமுடியாமல் அந்த ஒரெஸ்ற்றின் நம்பரைத் தேடி எடுத்து நானே கதைத்தேன். என் புருசனிடம் விலை அனுப்புவதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். ஆறுதலாகக் கதைக்கிற வயதான குரல். பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தன் ஆலைக்கு இந்த வருடம் ரொறன்ரோவிலிருந்து யாரும் வரவில்லை என்றார். மகனையும் கூப்பிட்டுக் கேட்டார். மகனும் இல்லை என்றான்.

"ரோட்டு மோசம் அம்மா, இனித்தான் வருவாரோ தெரியாது" என்றார் ஒரெஸ்ற்.

வேறு ஒரெஸ்ற்றாக இருக்கலாம். அந்தப் பக்கம் முழுக்க உக்ரேனியர்தான். இவருக்குப் பெயர்கள் சரியாக நினைவிருப்பதில்லை.

மே 2

சுதன் வீட்டுக்குப் போன் எடுத்தேன். சுதனின் மனைவி கமலிதான் எடுத்தாள்.

"அண்ணை இல்லையக்கா, வேலைக்குப் போட்டார்."

"என்ன வேலை?"

"ஐயோ, வேலையெண்டில்லை... வேலை விசயமா. ஹொப்ஸ் பாக்க. சுதன் வரட்டும், எடுக்கச் சொல்லுறன். அக்கா சுகமா இருக்கிறியள்தானே?"

சுதன் எடுக்கவில்லை. ஹொப்ஸ் பார்க்க மலை தாண்டிப் போகவேண்டும், அங்கே போன் வேலை செய்யாது.

மே 13

அன்னையர் தினம். ஆரபி பூ வாங்கித் தந்தாள். இவர் கூப்பிட்டார். "கொஞ்சநாள் கூட நிக்கவேண்டி வரும்" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, "நெருக்காதேயும்" என்றார். நான் நெருக்கவேயில்லை. கடையில் மோல்ற் முடிந்துவிட்டது என்பதை மட்டும் சொன்னேன். வாடிக்கையாளர் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போகிறார்கள், எலி வந்துவிட்டது, வானுக்கு பிரேக் மாற்றவேண்டும், நீங்கள் அங்கே வெயில் காய்கிறீர்கள் என்றும் சொன்னேன்.

மே 16

ஒரெஸ்ற்றிடம் மறுபடி கதைத்தேன். வேறு நோக்கம் ஒன்றுமில்லை, மோல்ற் வேண்டும். விலை நியாயம்தான். ஆனால் ஒரு முழு பலெற்றுக்குக் குறைய அவ்வளவு தூரம் அனுப்பினால் கூலிக்கே சரியாகிவிடும் என்றார். எங்களுக்கு ஒரு முழு பலெற் விற்று முடிய பனிக்காலம் வந்துவிடும். அதற்குள் எலி தின்று முடித்துவிடும்.

"உங்களைப்போல் சின்னக் கடைகள் அங்கே இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கின்றன. எல்லோரும் போட்டிக் கடைக்காரர்.

வைப்பதற்கு முன்னால், கணவர் வந்து சேர்ந்தாரா என்று விசாரித்தார். வந்துவிட்டார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

ஜூன் 3

கல்கரிக்கு நானே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவு எடுத்தேன். ஆரபியிடம் டிக்கெற் போடச் சொன்னேன். கொம்பியூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"என்ன, விலை கூடவோ?"

"டிக்கெற் வேண்டாம் அம்மா."

"ஏன்?"

"அப்பா கல்கரியிலை இல்லை. கம்லூப்ஸுக்குப் போட்டார், பிரிட்டிஷ் கொலம்பியாவிலை. அங்கை ஒரு கடை எடுக்கப் போறார். எங்கட மாதிரிக் கடை." கொம்பியூட்டரை மூடிவிட்டு, "அவர் வரமாட்டார் அம்மா" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அப்பாதான். போறதுக்கு முதலே சொன்னவர். அம்மாவுக்கு நானே சொல்லுறன், நீ சொல்லாதை எண்டவர். ஒவ்வொரு முறை கதைக்கேக்கையும் இண்டைக்குச் சொல்லுவார், இண்டைக்குச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"மார்ச்சிலையிருந்து?"

தலையாட்டினாள்.

"நான் ஒவ்வொரு நாளும் அந்த மனுசன் எப்ப வரும், எப்ப வரும் எண்டு உன்னட்டைத்தானே கேட்டனான். நீ என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீ."

"எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அம்மா."

கடை திறக்கிற நேரமாகிவிட்டது. போய்த் திறந்தேன்.

ஜூன் 4

மழை.

ஜூன் 9

வான் பிரேக் மாற்றியாயிற்று. குளிர்ப்பெட்டியைக் கழுவினேன். ஈஸ்ற் பக்கெற்றுகளைத் திகதிப்படி அடுக்கினேன். ஆரபி இரண்டு தரம் கடைக்கு வந்து நின்றாள். வேலை ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் ஐந்து தரம் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஆறாவது தரம் வரவில்லை. மூன்று மாதம் சொல்லாமல் இருக்க முடிந்த மனுசனுக்கு இப்போது மட்டும் என்ன அவசரம்?

ஜூன் 20

கமலி எடுத்து அழுதாள். தன்னில் பிழையில்லையாம். நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஆரும் பெட்டை இருக்கோ கமலி? மறைக்காமல் சொல்லு."

"சத்தியமா இல்லையக்கா. தனியத்தான் இருக்கிறார். சமைக்கவும் தெரியாமல் பாணும் முட்டையும் திண்டுகொண்டு."

கோயில் ஆட்களும் இதைத்தான் கேட்கிறார்கள், வேறு சொற்களில். ஒரு பெண் இருந்திருந்தால் எனக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும். பெண்ணுமில்லை, குடியுமில்லை, சூதுமில்லை. ஒரு மனுசன் முட்டை அவித்துத் தின்றுகொண்டு தனியாக இருப்பது, என்னோடு இருப்பதைவிட மேல் என்று போயிருக்கிறார். இதை எந்த வாயால் ஊருக்குச் சொல்வது?

வேலைக்காகப் போயிருக்கிறார் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஜூலை 4

பீற்றர்பரோவில் டக் என்று ஒருவர் இதே மாதிரிக் கடை வைத்திருக்கிறார். இத்தாலிய முதலாளிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை, ஒருவர் விலையை மற்றவர் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். இன்று வானை எடுத்துக்கொண்டு நேரே போய் நின்றேன். முகத்தைக் காட்டவேண்டும் என்பார்களே.

அவருடைய தட்டுகளும் வெறுமை. அவருக்கும் அதே நிறுவனம், அதே பதில். தாடியைத் தடவிக்கொண்டு, வருட முடிவில் மூடப்போகிறேன் என்றார். ஒரு பலெற்றை நாங்கள் பிரித்து எடுத்தால் என்ன என்று கேட்டேன். யோசித்தார். ஓஷவாவிலும் பரி நகரத்திலும் இரண்டு கடைகள் இதே நிலையில் இருக்கின்றன, அவர்களிடமும் தான் கதைக்கலாம் என்றார். எங்கே இறக்குவது, யார் பிரிப்பது என்று அவர் தொடங்கினார். நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். அவருடைய கடைக்குப் பின்னால் மேடை இருக்கிறது. பிரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வான்.

"நீங்கள் ஒரு வருடத்துக்கு முன்னமே வந்திருக்கவேண்டும்" என்றார் டக்.

அப்போது எங்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை என்றேன்.

ஜூலை 19

மோல்ற் வந்தது. நாற்பது மூட்டை. ஒரெஸ்ற் மேல் மூட்டையில் தன் கையால் ஒரு சின்னக் கடதாசி ஒட்டியிருந்தார், நல்வாழ்த்து என்று. டக்கும் அவருடைய மனைவியும் நானும் இறக்கினோம். எங்கள் பங்கு பத்து மூட்டை. ஒன்றைப் பிரித்து, அவர் செய்கிறமாதிரி இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்லிபோலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஆரபி சோறு வடித்து, பருப்பும் வைத்திருந்தாள். உப்புக் கூடிப்போயிருந்தது. குறை சொல்லாமல் சாப்பிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாயிருக்கு" என்றேன். அதற்கு அவள் அழுதுவிட்டாள். ஒரு மனுசி நல்லாயிருக்கு என்று சொன்னால் அழுகிற அளவுக்கு இந்த வீட்டில் என்ன நடந்துவிட்டது?

ஓகஸ்ற் 12

ஹொப்ஸ் இன்னும் சரிவரவில்லை. ஒன்ராறியோவிலேயே ஒரு தோட்டக்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அறுவடை முடியட்டுமாம்.

ஆரபி அப்பாவோடு கதைக்கிறாள், எனக்குத் தெரியும். மேல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கிறாள். ஒருநாள் கதவுக்கு வெளியே துவைத்த உடுப்போடு நின்றேன். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவருக்குப் பகிடி விடத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உடுப்பை வாசலில் வைத்துவிட்டு இறங்கினேன்.

செப்ரெம்பர் 15

வைனுக்கான திராட்சைச் சாறு வாளிகள் வந்துவிட்டன. இத்தாலியக் கிழவர்களும் போர்த்துக்கேயக் கிழவர்களும் காலையிலேயே வரிசை. நின்று நிமிர நேரமில்லை. எல்லோரும் நேசன் எங்கே, நேசன் எங்கே என்று கேட்கிறார்கள். குகநேசன் என்ற அவருடைய முழுப் பெயர் அவர்கள் வாயில் வராது. ஒரு கிழவர் எனக்கு முன்னாலேயே தன் கூட்டாளியிடம் சொன்னார்: "இவள் கெட்டிக்காரி. ஆனால் அவன் எங்கள் கதையைக் கேட்பான்."

அவர்களுடைய கதையைக் கேட்டுக்கொண்டு நின்றால் வரிசை எப்படி நகரும்?

செப்ரெம்பர் 20

மத்தியானம் கடையில் ஆட்கள் நிற்கும்போது போன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹொப்ஸ் மொத்தமாக விற்கிற இடத்திலிருந்து லிண்டா என்கிற பெண். என்னிடம் விற்கத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

இல்லை. கம்லூப்ஸில் புதிதாகக் கடை தொடங்குகிற ஒருவர் அவர்களிடம் கணக்குத் திறக்கக் கேட்டிருக்கிறாராம். கடனுக்குச் சரக்குக் கொடுப்பதற்கு முன்னால், அவரைத் தெரிந்த ஒரு வியாபாரியிடம் விசாரிப்பது வழக்கமாம். அவர் எங்கள் கடையின் பெயரைக் கொடுத்திருக்கிறார். "திரு. குகநேசன். உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எவ்வளவு காலமாக?"

இருபத்திமூன்று வருடம் என்று வாயில் வந்துவிட்டது. அவள் "ஓ!" என்றாள்.

அவருடைய காரியத்தைக் கெடுக்க ஒரு சொல் போதும், எனக்குத் தெரியும். நான் கொஞ்சம் யோசித்துச் சொன்னாலே போதும், அவள் தானாக விளங்கிக்கொள்வாள். அவருக்கு வேறு யாரைத் தெரியும் இந்த நாட்டில்? இத்தாலிய முதலாளி மறதி வந்து மகள் வீட்டில் இருக்கிறார். என்னை விட்டால் ஆளில்லை. என்ன துணிவில் என் பெயரைக் கொடுத்தார்? அல்லது, நான் உள்ளதைத்தான் சொல்வேன் என்று அவருக்குத் தெரியுமோ?

ஒரு கிழவர் வாளியோடு எனக்கு முன்னால் பொறுமையில்லாமல் நின்றார்.

சொன்னேன். ஆறு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவர். பொருள் தெரியும். வாடிக்கையாளருக்கு அவரைப் பிடிக்கும். எடுத்த சரக்குக்குக் காசு பிந்தியதில்லை.

"அப்படியானால் நம்பலாம் என்று சொல்கிறீர்கள்?"

"சரக்கு விசயத்தில், ஓம்" என்றேன்.

லிண்டா சின்னதாகச் சிரித்தாள். என் ஆங்கிலம் போதாது என்று நினைத்திருப்பாள். எங்களுக்கும் ஹொப்ஸ் தேவை என்றால் யோசிக்காமல் எடுக்கச் சொன்னாள், சின்னக் கடைகளைத் தாங்கள் விலக்குவதில்லையாம். நம்பரை எழுதிக்கொண்டேன்.

செப்ரெம்பர் 29

பின்னேரம் ஆட்கள் குறைந்த பிறகு கடைப் போன் அடித்தது. எடுத்தால் அவர்.

"லிண்டா சொன்னவ. நீர் நல்லாச் சொன்னனீராம்."

"உள்ளதைச் சொன்னன்."

"எண்டாலும், நன்றி."

இருபத்திமூன்று வருடத்தில் எனக்கு அவர் நன்றி சொன்னது நினைவில் இல்லை. நானும் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்கிற வழக்கமில்லை.

கேட்கவே கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை? பிள்ளையிட்டைச் சொல்லத் தெரிஞ்சிது."

அந்தப் பக்கம் பெட்டி ஒன்றை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லியிருந்தா நீர் அதையும் திருத்தியிருப்பீர்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னார். எனக்குப் பதில் வந்தது, ஒன்றல்ல பத்து. வாழ்க்கை முழுக்க எனக்கு வராத ஒன்று பதில் இல்லாமல் நிற்பது. இன்றைக்கு ஒன்றையும் சொல்லவில்லை.

பிறகு அவர்தான் கேட்டார். "மோல்ற் ஆரிட்டை எடுக்கிறீர்? ஆரபி சொன்னவள், ஏதோ நல்ல ஆளாம். எனக்கு இஞ்சை இன்னும் ஒருத்தரும் சரிவரேல்லை."

"ஒரெஸ்ற்றிட்டை."

"ஆர்?"

"சஸ்கச்சுவான் ஒரெஸ்ற். ஏப்ரலிலை நீங்கள் போய்ச் சந்திச்சனீங்கள். நல்ல மனுசன் எண்டனீங்கள். உண்மைதான், நல்ல மனுசன்."

இதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன் என்று நினைத்தேன். இப்போது அவர் என்ன சொன்னாலும் என் கையில் அடுத்த சொல் தயாராக இருந்தது.

அப்போது அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம். யாரோ உள்ளே வந்து ஏதோ கேட்டார்கள். "ஒருக்காப் பொறும்" என்று அவர் போனை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டது.

வந்தவனுக்கு முதல் தடவை பியர் செய்ய ஆசையாம். அவர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். எந்த மோல்ற், எவ்வளவு சூட்டில், ஏன் அவசரப்படக்கூடாது என்றெல்லாம். இடையில் ஒரு சொல்லுக்குத் தடுமாறினார். வந்தவன் காத்திருந்தான். சொல் வந்துவிட்டது. பிறகு ஏதோ பகிடி சொன்னார், வந்தவன் பலமாகச் சிரித்தான், அவரும் சிரித்தார். வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பிழைகள் இருந்தன. நான் ஒவ்வொன்றையும் கவனித்தேன். அவர் நிறுத்தவேயில்லை.

எங்கள் கடையில் ஒருநாளும் அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அந்தப் பக்கம் மேசையை நோக்கி அவர் நடந்து வருகிற காலடி கேட்டதும், வைத்துவிட்டேன்.